நம்ம எச்ஓஏ போர்டுக்கு ஒரு திறந்த மடல்: அந்த 66 அடி கம்பிக்கு ஓகே சொல்ற பவர் உங்ககிட்ட தான் இருக்கு

நம்ம எச்ஓஏ, அதாவது வீட்டுக்காரங்க சங்கத்து போர்டுல இருக்கற அஞ்சு பேருக்கும், முக்கியமா அதுல இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க ரெண்டு பேருக்கும், வீட்டு வெளிப்புற மாற்றத்துக்கு அனுமதி தர்ற ஆர்க்கிடெக்ச்சரல் கமிட்டிக்கும் வணக்கம்.

ஹாம் ரேடியோவுக்கு (லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசற ரேடியோ) என் கொல்லையில ஒரு ஆண்டெனா கம்பி கட்டணும்னு இங்கிலீஷ்ல அப்ளிகேஷன் போட்டாச்சு, பிளாட் சர்வே மேல படம் வரைஞ்சு கொடுத்தாச்சு, மேனேஜ்மென்ட் கம்பெனிகிட்ட இருந்து ஒத்த வரியில பதிலும் வந்தாச்சு, "நம்ம கம்யூனிட்டியில ஆண்டெனாவுக்கு அனுமதி இல்லை". சரி, தனியா பேசி பிரயோஜனம் இல்லனு தான் இத தமிழ்ல, வெளிய, எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன். நம்ம நார்த் கரோலினாவுல கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் எச்ஓஏ இல்லாம ஒரு புது வீடு வாங்கறது குதிரைக்கொம்பு. இந்த நாட்டுல ஏழு கோடி பேருக்கு மேல இந்த மாதிரி அசோசியேஷனுக்குள்ள தான் குடியிருக்காங்க, ஹாம் ரேடியோ லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க ஏழு லட்சத்துக்கு மேல, ஆக இந்த சண்டை நம்ம தெருவுல மட்டும் நடக்கல, இதே பதில் வாங்கிட்டு சும்மா இருக்கற ஆளுங்க நிறைய.

மொதல்ல நான் கேட்டது என்னனு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நெய்பர்ஹுட் வாட்ஸ்அப் குரூப்ல "அவர் வீட்டுல டவர் வெக்கப் போறாராம்"னு ஒரு மெசேஜ் ஓடுச்சு. டவர் இல்லீங்க. கொல்லப்பக்கம் நிக்கற ரெண்டு பைன் மரத்துக்கு நடுவுல 66 அடி நீளத்துக்கு ஒரே ஒரு கம்பி, உள்ள செம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன், மேல கருப்பு பிளாஸ்டிக் உறை, தரையில இருந்து ஒரு 35 அடி உயரம். நடுவுல இருந்து ஒரு கோஆக்ஸ் கேபிள் கீழ இறங்கும், புல்லுக்கு அடியில புதைஞ்சு வீட்டுக்குள்ள போயிடும். கூரையில ஒண்ணும் கிடையாது, சுத்தற சமாச்சாரம் கிடையாது, லைட் கிடையாது. 66 அடினு ஏன் கேக்கறேன்னா, 7.1 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளத்துல பாதி அவ்வளவு தான் வரும், 468-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அடிக்கணக்கு கிடைச்சிடும், யார் வேணா கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. பேரம் பேசி 20 அடிக்கு குறைச்சுக்கோனு கமிட்டியில ஒருத்தர் சொன்னாராம், அவர் என்கிட்ட பேரம் பேசிப் பிரயோஜனம் இல்ல, இயற்பியல்கிட்ட தான் பேசணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அண்ணே, பொங்கல் பாட்லக்ல நீங்க என்கிட்ட "தம்பி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஆனா கவனன்ட்ல இருக்கே, எங்க கையில என்ன இருக்கு"னு சொன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்த கவனன்ட், அதாவது வீட்டோட சேந்து வர்ற கட்டுப்பாட்டு டாக்குமென்ட்ட எடுத்து முழுசா படிச்சேன், வீடு வாங்கறப்ப குளோசிங்ல குடுத்த அந்த தடி பிடிஎஃப் தான், யாரும் படிக்காத ஒண்ணு. ஆண்டெனாவைப் பத்தி அதுல இருக்கறது ஒரே வாக்கியம். "கமிட்டியோட எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல்" வெளிப்புற ஆண்டெனா எதுவும் வைக்கக் கூடாது. அவ்வளவு தான். அனுமதி இல்லாம வைக்கக் கூடாதுனு தான் இருக்கு, அனுமதியே கொடுக்கக் கூடாதுனு எங்கயும் இல்ல. வேலி போட, டெக் கட்ட, கதவுக்கு கலர் மாத்த என்ன வாக்கியம் இருக்கோ அதே வாக்கியம், வேலிக்கு ஓகே சொல்றீங்க, டெக்குக்கு ஓகே சொல்றீங்க, போன வருஷம் ஒரு வீட்டுக்கு நேவி ப்ளூ கதவுக்கு ஓகே சொன்னீங்க, யாரும் "எங்க கையில என்ன இருக்கு"னு கேக்கல. நார்த் கரோலினா பிளான்ட் கம்யூனிட்டி ஆக்ட், அதாவது சாப்டர் 47எஃப், டிக்ளரேஷனையே, அதாவது இந்த கவனன்ட் டாக்குமென்ட்டையே திருத்தணும்னா தான் 67 சதவீத ஓட்டு வேணும்னு கேக்குது, நான் திருத்தச் சொல்லவே இல்லையே, உள்ள இருக்கறத அப்படியே பயன்படுத்துங்கனு தான் சொல்றேன். கமிட்டி கைட்லைன்ஸ்ல ஒரு பாரா சேர்க்க போர்டு மீட்டிங்ல மூணு கை தூக்கினா போதும். இந்த மடல்ல மத்தது எல்லாம் அந்த மூணு கையை தூக்க வைக்க நான் எடுக்கற முயற்சி.

சட்டம் யார் பக்கம்னு கேட்டா, நேர்மையா சொல்றேன், இப்போதைக்கு உங்க பக்கம் தான், அத மறைச்சு பேச வேண்டியதில்ல. 1985-ல எஃப்சிசி, அதாவது ரேடியோ விஷயத்தை எல்லாம் கவனிக்கற மத்திய அரசு கமிஷன், பிஆர்பி-1னு ஒரு ஆர்டர் போட்டாங்க, சிட்டியும் கவுண்ட்டியும் ஹாம் ஆண்டெனாவுக்கு நியாயமான இடம் கொடுத்தாகணும், கண்மூடித்தனமா தடை போடக் கூடாதுனு. அதே ஆர்டர்ல, தனியார் கவனன்ட் எங்க வேலை இல்ல, பிடிக்கலன்னா அங்க வீடு வாங்காம இருக்கலாமேனு கைகழுவிட்டாங்க. நம்ம ஸ்டேட் சட்டம் இன்னும் ஒரு படி மேல, தெளிவான பாதுகாப்பு காரணமோ அழகியல் காரணமோ இல்லாம ஹாம் ஆண்டெனா உயரத்தை 90 அடிக்கோ அதுக்கு கீழயோ கட்டுப்படுத்த எந்த டவுனுக்கும் உரிமை இல்லனு எழுதி வெச்சிருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, டவுன் கவுன்சில் நெனச்சா கூட 90 அடி கம்பத்தை சும்மா தடுக்க முடியாது, ஆனா நம்ம கிளப்ஹவுஸ்ல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து பேசற அஞ்சு பேர் ஒரு மில்லிமீட்டர் கம்பிய தடுக்கலாம். சட்டப்படி சரி தான். சிரிப்பு வராம இருக்குமா?

நடுவுல ஒண்ணு, உங்க கூரையில இருக்கற டிஷ் பத்தி. கமிட்டி தலைவர் வீட்டு மேற்கு ஓரத்துல சன் டிவிக்காக வெச்ச டிஷ் எல்லாருக்கும் தெரியும், சீரியல் நேரத்துல அந்த வீட்டு காபி நல்லா இருக்கும்ங்கறதும் தெரியும். அந்த டிஷ்ஷுக்கு யார்கிட்டயும் அவர் அனுமதி கேக்கல, கேக்க வேண்டியதும் இல்ல. 1996 டெலிகாம் சட்டத்துல வந்த ரூல், ஒரு மீட்டருக்கு உள்ள இருக்கற டிஷ்ஷையோ டிவி ஆண்டெனாவையோ தன் சொந்த இடத்துல வைக்கறத எச்ஓஏ தடுக்க முடியாது. அப்ப டிவி பாக்கறதுக்குனா கவனன்ட்டை தாண்டி காங்கிரஸ் உள்ள வரலாம், வந்தாங்க. அந்த சட்டத்துல ஹாம் ரேடியோவை சேர்க்கல, ஏன்னா அது கேபிள் கம்பெனிக்கும் சேட்டிலைட் கம்பெனிக்கும் நடந்த சண்டையில பொறந்த சட்டம், எங்களுக்கு அந்த அளவு லாபி பண்ண கம்பெனி எதுவும் இல்ல. ஏஆர்ஆர்எல்னு 1914-ல இருந்து இருக்கற எங்க சங்கம் எஃப்சிசிகிட்ட மனு போட்டுப் பாத்தாங்க, நடக்கல. 2012-ல காங்கிரஸ் கேட்டு எஃப்சிசி ஒரு ரிப்போர்ட் எழுதுச்சு, தேவையில்லனு முடிச்சுட்டாங்க. அப்புறம் அமெச்சூர் ரேடியோ பாரிட்டி ஆக்ட், 2016-லயும் 2017-லயும் கீழவையில பாஸ் ஆச்சு, செனட்ல போய் படுத்துச்சு. இப்ப வேற பேர்ல மறுபடி மறுபடி கொண்டு வராங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல, வாஷிங்டன் கதவு திறக்கற வரைக்கும் காத்திருந்தா என் பொண்ணு காலேஜ் முடிச்சிருவா.

"கையெழுத்து போட்டுத் தானே வீடு வாங்கினீங்க"ங்கற கேள்வி. போட்டேன், எல்லாரும் போட்டோம். ஆனா அது பேசி முடிச்ச ஒப்பந்தமா என்ன? பில்டரோட வக்கீல் ஒரு பழைய சப்டிவிஷன்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டின டாக்குமென்ட், நாம யாரும் ஒரு கமா மாத்தி இருக்க முடியாது. அந்த ஆண்டெனா வரியே, கூரைக்கு கூரை டிவி ஆண்டெனா முள்ளு முள்ளா நின்ன காலத்துல கேபிள் வந்துடுச்சே இனி எதுக்கு இந்த அசிங்கம்னு எழுதினது, அது அப்படியே டாக்குமென்ட்டுக்கு டாக்குமென்ட் தாவி நம்மகிட்ட வந்திருக்கு. தனியார் ஒப்பந்தம்னா யாரும் தொடக் கூடாதுனு இந்த நாட்டுல எப்பவும் இருந்ததும் இல்ல. அமெரிக்க கொடி ஏத்தறத எச்ஓஏ தடுக்கக் கூடாதுனு 2006-ல சட்டமே போட்டாங்க. சோலார் பேனலை தடுக்கற கவனன்ட் செல்லாதுனு நம்ம ஸ்டேட்ல 2007-ல சட்டம், அதுக்கு சில விலக்கு இருந்துச்சு, அத வெச்சு ராலேயில ஒரு அசோசியேஷன் முன்பக்க கூரையில பேனல் போட்ட ஒரு குடும்பத்தை அழகா இல்லனு சொல்லி எடுக்கச் சொல்ல, கேஸ் மேல மேல போயி 2022 ஜூன்ல நார்த் கரோலினா சுப்ரீம் கோர்ட் குடும்பத்து பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. வக்கீல் செலவு எல்லாம் யார் தலையில விழுந்திருக்கும்னு யோசிச்சா, அந்த சப்டிவிஷன்ல டியூஸ் கட்டினவங்களும் தான் அதுல இருந்திருப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இத நம்ம ஆளுங்களுக்காக மட்டும் சொல்றேன். இந்த நாட்டுல ஒரு காலத்துல ஊர் ஊரா வீட்டு கவனன்ட்ல வெள்ளைக்காரர் தவிர யாருக்கும் விக்கக் கூடாதுனு எழுதி வெச்சிருந்தாங்க. 1948-ல செயின்ட் லூயிஸ்ல ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கின வீட்டு கேஸ்ல, ஷெல்லி எதிர் கிரேமர், அந்த மாதிரி கவனன்ட்டை எந்த கோர்ட்டும் அமல்படுத்த முடியாதுனு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 1968 ஃபேர் ஹவுசிங் ஆக்ட்ல தான் அது முழுசா சட்டவிரோதம் ஆச்சு. அதையும் இதையும் ஒரே தராசுல வைக்கல, வைக்கவும் கூடாது, என் கம்பி யாரோட மானப் பிரச்சனையும் இல்ல. ஆனா "தனியார் ஒப்பந்தம், இஷ்டமில்லன்னா வராதீங்க"ங்கற வாதத்தை நாம வாய் திறந்து சொல்றப்ப கொஞ்சம் யோசிச்சு சொல்லணும்ல, அந்த வாதம் ஜெயிச்சுட்டே இருந்திருந்தா இந்த பொங்கல் பாட்லக்கே நடந்திருக்காது.

சரி, ஆட்டிக்ல, அதாவது வீட்டுக்குள்ள கூரைக்கு அடியில இருக்கற பரண்ல கட்டிக்கோங்கறாங்க. எல்லா ஹாமுக்கும் இந்த அட்வைஸ் கிடைக்கும். என் வீட்டு ஆட்டிக் நீளம் 66 அடி கிடையாது, மடிச்சு மடிச்சு கட்டணும். அங்க ஏசி டக்ட் முழுக்க அலுமினியம் ஃபாயில் சுத்தியிருக்கு, ராஃப்டர் அடியில வெயிலுக்காக ஒட்டின ரேடியன்ட் பேரியர் இன்னொரு ஃபாயில், கரண்ட் ஒயர் குறுக்கும் நெடுக்கும். சிக்னல் வெளிய போறதுக்குள்ள பாதி அதுலயே போயிடும், போகாத பாதி வீட்டு ஒயரிங்ல ஏறி ஆர்க் ஃபால்ட் பிரேக்கரை ட்ரிப் பண்ணும், ஸ்மோக் டிடெக்டரை நடுராத்திரி கத்த விடும். இது எல்லாத்தையும் விட முக்கியமா, ரேடியோ சக்தி தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும், கொல்லைக்கோடியில 35 அடி உயரத்துல இருக்கறத கொண்டு வந்து குழந்தை தூங்கற ரூமுக்கு நேர் மேல கட்டச் சொல்றீங்க, அப்புறம் அதே வாட்ஸ்அப் குரூப்ல "ரேடியேஷன் வருமே"னு கேக்கறீங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க.

ரேடியேஷன் கேள்விய நான் கிண்டல் பண்ணல, அக்கா, சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல கேக்கத் தான் செய்வாங்க. என் ரேடியோ அதிகபட்சம் 100 வாட், பேசறப்ப மட்டும் தான், பேச்சோட ஏத்த இறக்கத்துக்கு சராசரி அதுல சின்ன பங்கு தான் வரும், நாள்ல முக்கால்வாசி நேரம் சும்மா கேட்டுட்டு இருப்போம். எங்க ஸ்டேஷன்ல இருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு போகுதுனு கணக்கு போட்டு எஃப்சிசி எல்லைக்குள்ள இருக்கறத உறுதி பண்ணிக்கறது எங்க கடமை, 2021-ல அந்த ரூலை இன்னும் இறுக்கினாங்க. என் கணக்கு ஷீட்டை யார் கேட்டாலும் தரேன், வேலிக்கு அந்தப்பக்கம் நிக்கறவருக்கு எவ்வளவுங்கற வரியை மஞ்சள் போட்டே தரேன்.

டிவி கெட்டுப் போகும்ங்கற பயம் பழைய காலத்து பயம், குழாய் டிவி காலத்துல உண்மையாவே கோடு விழுந்துச்சு. இப்ப நெட்ஃபிளிக்ஸ் ஃபைபர்ல வருது, என் கம்பிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்படியும் யார் வீட்டு ஸ்பீக்கர்லயாவது என் குரல் கேட்டுச்சுன்னா கதவைத் தட்டுங்க, ஃபெரைட் கோர் (ஒயர்ல மாட்டற இரைச்சல் தடுப்பான்) என் செலவுல மாட்டித் தரேன், பிரச்சனை தீர்ற வரைக்கும் அந்த பேண்ட்ல பேச மாட்டேன், இத எழுதி கையெழுத்து போட்டுத் தரத் தயார். நிஜத்துல தொல்லை எல்லாம் எதிர்ப்பக்கம் தான், உங்க மலிவு எல்இடி பல்பு, கேமரா அடாப்டர், சில சோலார் ஆப்டிமைசர் இது எல்லாம் சேந்து எங்க காதுல எந்நேரமும் ஒரு இரைச்சல் போடுது, அதுக்காக யார் மேலயும் நாங்க கம்ப்ளைன்ட் எழுதல.

இப்ப இது எதுக்கு, பொழுதுபோக்குக்கு இவ்வளவு அலப்பறையானு கேட்டா, ஆமா, பொழுதுபோக்கும் தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எந்த கம்பெனியோட டவரும் சேட்டிலைட்டும் இல்லாம ஒரு கம்பிய வெச்சு கடல் தாண்டி இருக்கற ஆள்கிட்ட பேசறதுல இருக்கற சுகம் பேசினவங்களுக்குத் தான் தெரியும், கோல்ஃப் ஆடறவர்கிட்ட யாரும் எதுக்குனு கேக்கறதில்ல. ஆனா அதோட முடியறதில்ல.

2024 செப்டம்பர் 27 நமக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஹெலீன் புயல் நம்ம ஸ்டேட்டோட மேற்கு மலைப்பகுதிய கிழிச்சுப் போட்டுச்சு, ஆஷ்வில்லுக்கு போற ரோடு எல்லாம் அடைஞ்சு போச்சு, கரண்ட் போச்சு, ஃபைபர் அறுந்துச்சு, செல் டவர் பெரும்பாலும் செத்துப் போச்சு, நார்த் கரோலினாவுல மட்டும் நூறு பேருக்கு மேல போய்ட்டாங்க. நம்ம குரூப்லயே "ஆஷ்வில்ல இருக்கற எங்க மச்சான் போன் எடுக்கல, யாருக்காவது தெரியுமா"னு கேட்டவங்க இருந்தாங்க. அந்த நேரம் மவுன்ட் மிட்செல் மலைப்பக்கம் இருக்கற ஹாம் ரிப்பீட்டர் (சின்ன ரேடியோவோட சிக்னலை வாங்கி பலமா திரும்ப அனுப்பற ஸ்டேஷன்), 145.190 மெகாஹெர்ட்ஸ், அது உயிரோட இருந்துச்சு. இந்த ஊர்ல ரோடு இல்ல, அந்த வீட்டுல ஆக்சிஜன் தீரப் போகுது, இந்த அட்ரஸ்ல பெரியவங்க இருக்காங்க யாராவது போய்ப் பாருங்கனு நாள் முழுக்க அதுல ஓடிட்டே இருந்துச்சு. லைசன்ஸ் இல்லாதவங்க கூட ஒரு சின்ன ரேடியோவ வெச்சு கேட்டுட்டு இருந்தாங்க.

இதுக்கு பதிலா நீங்க கேப்பீங்க, அது கையில வெச்சுக்கற வாக்கிடாக்கி மாதிரி சமாச்சாரம் தானே, அதுக்கு 66 அடி எதுக்குனு. நல்ல கேள்வி. ரிப்பீட்டர் அந்த மலையைச் சுத்தி இருக்கறவங்களுக்கு, அந்த ஒரு ரிப்பீட்டரும் விழுந்திருந்தா? ஆஷ்வில்ல இருந்து கேரிக்கு 200 மைலுக்கு மேல, நடுவுல மலை, அங்க இருந்து இங்க நேரா செய்தி வரணும்னா ஷார்ட்வேவ் தான். கம்பியை ரொம்ப உயரம் இல்லாம தாழ்வா கட்டினா சிக்னல் கிட்டத்தட்ட செங்குத்தா மேல போயி, வானத்துல ரொம்ப மேல இருக்கற அயனோஸ்பியர்ங்கற மின்னூட்ட அடுக்குல பட்டு, சில நூறு மைல் வட்டத்துக்குள்ள மழை மாதிரி இறங்கும், மலை குறுக்க நின்னாலும் கவலை இல்ல. டார்ஹீல் எமர்ஜென்சி நெட்னு நம்ம ஸ்டேட் ஹாம்கள் 3.923 மெகாஹெர்ட்ஸ்ல ராத்திரி கூடறது இந்த கணக்குல தான். அதுக்கு முழு நீளம் 119 அடி ஆகும், என் கொல்லையில அவ்வளவு இடம் இல்ல, அதே 66 அடி கம்பியோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு காயில் போட்டு கொஞ்சம் வால் விட்டா சமாளிச்சுக்கலாம். 35 அடினு நான் கேட்டதுக்கும் இதான் காரணம், இன்னும் உயரமா கேட்டிருக்கலாம், வேண்டாம்னு தான் விட்டேன்.

நம்ம பக்கம் இப்படி எல்லாம் வராதுங்கறீங்களா? 1996 செப்டம்பர்ல ஃபிரான் புயல் ராலே வரைக்கும் வந்து மரத்தை வேரோட சாய்ச்சுச்சு, 2002 டிசம்பர் ஐஸ் ஸ்டார்ம்ல டிரையாங்கிள், அதாவது நம்ம ராலே சுத்துவட்டாரம் முழுக்க நாள் கணக்குல கரண்ட் இல்லாம இருந்துச்சு, அன்னைக்கு இங்க இருந்த பழைய ஆளுங்கள கேட்டுப் பாருங்க. நம்மில் பாதி பேர் அதுக்கு அப்புறம் வந்தவங்க, அதான் தெரியல.

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு உதாரணம் வேணும்னா, 2004 டிசம்பர் 26. பாரதி பிரசாத்னு ஒரு அம்மா, ரொம்ப வருஷமா ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாம இருந்த அந்தமானுக்கு போராடி பர்மிஷன் வாங்கி, வியூ4ஆர்பிஐங்கற கால்சைனோட (ஸ்டேஷனோட அடையாளப் பேர்) போர்ட் பிளேர்ல ஸ்டேஷன் போட்டு உலகம் முழுக்க பேசிட்டு இருந்தாங்க. காலையில நிலநடுக்கம், அப்புறம் சுனாமி. போன் எல்லாம் போச்சு. போட்டி மாதிரி நடந்துட்டு இருந்த அந்த ஸ்டேஷன் அன்னைக்கே எமர்ஜென்சி ஸ்டேஷன் ஆச்சு, அந்தமான்ல எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்குனு உங்களுக்கே தெரியும், உயிரோட இருக்கோம்ங்கற செய்தி அது வழியா தான் பலருக்கு மெயின்லேண்டுக்கு வந்துச்சு. அந்த அம்மா அங்க போனது பேரிடருக்காக இல்ல, பொழுதுபோக்குக்குத் தான். பொழுதுபோக்கா தினமும் பண்றவங்க கையில தான் ஆபத்து நேரத்துல இது வேலை செய்யும், பெட்டிக்குள்ள பூட்டி வெச்சு புயல் வர்ற அன்னைக்கு எடுத்தா எந்த ரேடியோவும் பேசாது. "ஏதாவது ஆச்சுன்னா அப்ப கட்டிக்கோங்க, நாங்க கண்டுக்க மாட்டோம்"னு கமிட்டியில இருந்து வந்த பெருந்தன்மையான ஆஃபரை நான் ஏத்துக்காததுக்கு இது தான் காரணம். அடிக்கற காத்துல பைன் மரத்துல ஏறச் சொல்றீங்களா?

பார்க்ல போய் பண்ணலாமேங்கறது இன்னொரு யோசனை, பண்ணிட்டு தான் இருக்கேன், அம்ஸ்டெட் பார்க்லயும் ஜார்டன் லேக்லயும் மரத்துல கம்பி எறிஞ்சு பேசறேன், ஜாலியாத் தான் இருக்கு. ராத்திரி பார்க் கேட்ட பூட்டிடுவாங்க, புயல்னா மொதல்ல பூட்டறது அதைத்தான்.

வீட்டு விலை குறையும்னு பயப்படறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், சாயங்காலம் ஒரு வாக் வாங்க, வேலிக்கு வெளிய நின்னு அந்த கம்பிய கண்டுபிடிங்க. ஏப்ரல்ல மஞ்சள் மகரந்தம் எல்லாத்து மேலயும் படியறப்ப ஒருவேளை தெரியலாம், அப்ப கார், டெக், நாய் எல்லாமே மஞ்சளா தான் இருக்கும். ஹாலோவீனுக்காக அக்டோபர் மாசம் முழுக்க முன்பக்கப் புல்வெளியில 12 அடி எலும்புக்கூடு நிக்குது, அதுக்கு அப்ளிகேஷன் இல்ல. ஒவ்வொரு நாலு வீட்டுக்கும் முன்னாடி பச்சை கலர்ல டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருக்கு, அதுக்கு மல்லிச்செடி வெச்சு மறைச்சாச்சு. ஊர்ல மொட்டை மாடியில இதே கம்பிய கட்டியிருந்தா பக்கத்து வீட்டு ஆத்தா "தம்பி, அதுல ரெண்டு வேட்டி காயப்போட்டுக்கட்டுமா"னு கேட்டிருக்கும், இங்க துணி காயப்போடறதுக்கும் தடை, அது வேற மடல்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இப்பவே நான் சத்தம் போடாம கொடிக்கம்பம் ஒண்ணு வாங்கி நட்டிருக்கலாம். கொடிக்கம்பம் மாதிரியே இருக்கற ஆண்டெனா கடையிலயே விக்கறாங்க, உள்ள கம்பி, மேல அமெரிக்க கொடி, எச்ஓஏ பகுதிகள்ல இருக்கற ஹாம்கள் நிறைய பேர் இப்படித் தான் ஓட்டறாங்க. சில பேர் ராத்திரி கட்டி காலையில அவுக்கறாங்க, சில பேர் மழைத்தண்ணி குழாயையே ஆண்டெனாவா ஆக்கிடறாங்க. எனக்கு அந்த திருட்டுத்தனம் வேண்டாம். பரீட்சை எழுதி, எஃப்சிசி கொடுத்த கால்சைனை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாய்விட்டு சொல்லிப் பேசற ஒரு விஷயத்தை, திருட்டு ஒயின் காய்ச்சற மாதிரி பண்ணணுமா? அனுமதி கேட்டு வந்தவன மடக்கி, கேக்காம பண்றவன விட்டுடற ரூலை வெச்சுக்கிட்டு போர்டுக்கு என்ன லாபம்?

கைட்லைன்ல என்ன எழுதலாம்னு நானே டிராஃப்ட் பண்ணி அப்ளிகேஷனோட வெச்சிருக்கேன், யாரும் அந்தப் பக்கத்தை புரட்டலனு நினைக்கறேன், அதனால சுருக்கமா. கம்பி ஆண்டெனா மட்டும், பின்பக்கம் மட்டும், சொந்த லாட்டுக்குள்ள, கருப்போ பச்சையோ உறை, மரத்துச்சிக்கு மேல போகக் கூடாது, கேபிள் மண்ணுக்கு அடியில, எலக்ட்ரிக்கல் கோடு சொல்ற மாதிரி கிரவுண்டிங், எஃப்சிசி லைசன்ஸ் நகல், பக்கத்து வீட்டுல இரைச்சல் வந்தா சரி பண்ற வரைக்கும் நிறுத்தறேன்னு எழுத்துல, வீட்டை வித்தா கழட்டிடணும். டவர் வேணும்னு யாராவது வந்தா தனியா விசாரிச்சு முடிவு பண்ணுங்க, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. வேணும்னா முதல் ஆறு மாசம் சோதனை அனுமதினு கொடுங்க, கம்ப்ளைன்ட் வந்தா கேன்சல் பண்ணுங்க. ஜூன் நாலாவது முழு வீக்கெண்ட்ல ஃபீல்ட் டேனு ஒண்ணு நாடு முழுக்க நடக்கும், ஜெனரேட்டர், பேட்டரி, கம்பி மட்டும் வெச்சு 24 மணி நேரம் பேசுவாங்க, கமிட்டி குடும்பத்தோட வாங்க, பசங்க மைக்க பிடிச்சு பேசிப் பாக்கட்டும். இட்லி என் செலவு.

அடுத்த மீட்டிங் அஜெண்டாவுல இத ஒரு ஐட்டமா போடுங்க, கடைசி அஞ்சு நிமிஷம் இல்ல, நீச்சல்குளம் சாவி விவாதத்துக்கு முன்னாடி. கம்பியோட ஒரு அடி துண்டு கொண்டு வந்து மேசையில வைக்கறேன், கையில எடுத்துப் பாத்துட்டு ஓட்டு போடுங்க. வேண்டாம்னு முடிவு பண்ணினா, "அனுமதி இல்லை"ங்கற ஒத்த வரி போதாது, கமிட்டி எந்த காரணத்துக்காக மறுக்குது, யார் எந்தப் பக்கம் ஓட்டு போட்டாங்கனு மினிட்ஸ்ல ஏத்துங்க. நாளுக்கு 100 டாலர் வரைக்கும் ஃபைன் போட சட்டம் உங்களுக்கு உரிமை கொடுக்குது, அதுக்கு முன்னாடி ஹியரிங் வைக்கணும்னும் சொல்லுது, அந்த நிலைமை வரைக்கும் இத இழுக்க எனக்கு ஆசை இல்ல, அனுமதி வர்ற வரைக்கும் மரத்துல ஒரு கயிறு கூட கட்ட மாட்டேன். ஆனா ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வருவேன்.

இப்படிக்கு,
உங்க தெருக்கோடி வீட்டு ஹாம்